மணல் கொட்டினால் கரை மீண்டுவிடுமா?

அலை அரித்த கடற்கரைக்கு மணல் கொண்டுவந்து கொட்டுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. கடலடி மணலை நீரோடு கலந்து குழாய் வழியே கரையில் பீய்ச்சுகிறார்கள். புல்டோசர் அதைப் பரப்பிச் சமன்செய்கிறது. கரை அகலமாகிறது, பின்னாலுள்ள வீடுகளும் சாலைகளும் புயலுக்குத் தப்புகின்றன. எவ்வளவு மணல் கொட்டினோம், எத்தனை மீட்டர் அகலம் கூடியது என்பதை வைத்தே திட்டத்தின் வெற்றியைப் பெரும்பாலும் அளக்கிறார்கள். அந்த மணலுக்குள் வாழும் உயிர்களையும் சேர்த்து அளந்தால்தான் கரை மீண்டது என்று சொல்ல முடியும்.

அலை ஏறி இறங்கும் ஈரமணலில் எமெரிட்டா என்றொரு சிறு நண்டு வாழ்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பின்பக்கமாகவே மணலுக்குள் புதைந்துகொண்டு, அலை திரும்பும் நேரத்தில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து, நீரோடு வரும் நுண்ணிய இரையை வடிகட்டித் தின்னும். சென்னைக் கரையிலும் இதன் உறவினங்கள் உண்டு. இந்த நண்டும், டோனாக்ஸ் என்ற சின்ன மட்டியும்தான் கரையோர மீன்களுக்கும் உள்ளான் பறவைகளுக்கும் முக்கிய இரை. வட கரோலினாவின் போக் பேங்க்ஸ் தீவில் மணல் கொட்டிய இடங்களை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு, கோடையில் இவை 86 முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்ததாகச் சொல்கிறது. மணலின் பருமன் பொருந்தாததும், சிப்பித் துண்டுகள் மிகுந்திருந்ததும், வேலை வெயில்காலம்வரை இழுத்துப்போனதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

புயலையே தாங்கும் உயிர்களுக்கு இது பெரிய விஷயமா, தாமாகவே மீண்டுவிடாதா என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் எட்டுக் கடற்கரைகளை 15 மாதம் கவனித்த ஆய்வில், எமெரிட்டாவும் டோனாக்ஸும் ஓராண்டுக்குள் மீண்டன. ஆனால் மணற்புழுக்கள் ஓராண்டு கடந்தும் மீளவில்லை. மேலும், கொட்டிய மணலைக் கடல் மறுபடி அரிப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் கொட்டுகிறார்கள். மெதுவாக மீளும் உயிருக்கு அந்த இடைவெளி போதாது. வலசை வரும் பறவைக்கோ ஒரே ஒரு வசந்தத்தில் இரை இல்லாமற்போவதே பேரிழப்பு.

ஆமைகளின் சிக்கல் வேறு. ஃபுளோரிடாவில் புதுமணல் இறுகிப்போன இடங்களிலும், அலை அறுத்து மேடு செங்குத்தாக நிற்கும் இடங்களிலும், முட்டையிட வந்த பெருந்தலைக் கடலாமைகள் மணல் கொட்டிய முதலாண்டில் முட்டையிடாமலே திரும்பிப்போவது அதிகரிக்கிறது. அதனால் இறுகிய மணலை உழுதுவிடவும், செங்குத்து மேட்டைச் சரித்துவிடவும் அங்கே விதி உண்டு. மணலின் நிறமும் முக்கியம்: கருத்த மணல் கூடுதலாகச் சூடேறும், கூட்டின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதற்காக மணல் கொட்டுவதையே நிறுத்தச் சொல்வதும் சரியாகாது. அரிப்பை அப்படியே விட்டால் ஆமைக்கும் கரை மிஞ்சாது. கற்சுவர் எழுப்பினாலோ நிலைமை இன்னும் மோசம். உயிர்களுக்காகவே மணல் கொட்டிய இடமும் உண்டு. நியூ ஜெர்சியின் டெலாவேர் விரிகுடாவில் 2012 அக்டோபரில் சாண்டி புயல் மணலை வாரிக்கொண்டு போனது. குதிரைலாட நண்டு முட்டையிட இடமில்லை. அந்த முட்டைகளை நம்பித்தான் ரெட் நாட் என்ற உள்ளான், ஆர்க்டிக் போகும் வழியில் மே மாதம் அங்கே இறங்கி, இரண்டு வாரத்தில் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. சூழல் அமைப்புகள் 2013 வசந்தத்தில் நண்டுகள் வருவதற்கு முன்பே பருமணலை லாரிகளில் கொண்டுவந்து பரப்பின. நண்டுகள் சிக்கிச் சாகும் இடிபாடுகளையும் அகற்றின. முட்டைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் பருமணல்; முட்டையிடும் பருவம் மே, ஜூன் என்பதால் அதற்கு முன்பே வேலை. யாருக்காகச் செய்கிறோம் என்ற தெளிவு இருந்ததால் இவையெல்லாம் தாமாகவே முடிவாயின.

உயிர்களைக் கணக்கில் எடுத்தால் செலவு கூடுமே என்பார்கள். கூடத்தான் செய்யும்: கடல் கொந்தளிக்கும் குளிர்காலத்தில் தூர்வாரும் கப்பலை இயக்குவது கடினம், பொருத்தமான மணல் தொலைவில் கிடைக்கலாம். ஆனாலும் ஒப்பந்தத்தில் மணலின் பருமன், நிறம், வேலை செய்யக்கூடாத மாதங்கள், முன்னும் பின்னும் உயிர்க்கணக்கு ஆகியவற்றைச் சேர்ப்பது நியாயமான கோரிக்கைதான். மணல் கொட்டும் செலவில் பெரும்பகுதி பொதுப்பணம். தூண்டில் போட வருபவர்கள் தேடும் மீனும் அந்த எமெரிட்டாவைத் தின்றுதான் வளர்கிறது.