மலையில் பனியா, மழையா?

பனியாக விழுமா, மழையாக விழுமா என்பதைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பநிலை. 1 கிலோமீட்டர் மேலே போனால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே காற்று 1 டிகிரி சூடேறினாலே உறைநிலை மட்டம் ஏறக்குறைய 150 மீட்டர் உயர்ந்துவிடும். அதற்குக் கீழுள்ள சரிவுகளில் மழைதான். அந்த மழை, கிடக்கிற பனியையும் கரைத்துக்கொண்டு ஓடும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சூடான காற்று தாங்கும். எனவே கடுங்குளிர் நிலவும் உச்சிகளில் ஒரே பொழிவில் முன்பைவிட அதிகப் பனி கொட்டவும் கூடும். பெரும் பனிப்பொழிவைக் காட்டி வெப்பமயமாதல் பொய் என்பது சரியல்ல.

பனி எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லை கலான்' எனும் கடுங்குளிர்க் காலம். அப்போது மேற்கத்திய இடையூறுகள் எனப்படும், மேற்கிலிருந்து வரும் புயல் அமைப்புகள் கொண்டுவரும் பனிதான் இறுகி நெடுநாள் நிற்கும். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாள்கள் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் வெறும் பழுப்பு நிலமாகக் கிடந்தன. பிந்தி விழும் பனி இறுகுமுன் வெயில் ஏறிவிடும். அந்தப் பனி வசந்தத்திலேயே கரைந்து ஓடிவிட்டால், ஜூன் மாத நெல் நடவுக்குக் கால்வாய்களில் தண்ணீர் குறையும்.