கடற்கரையில் கிடைத்த கருமரம்: புதைபடிவமா?

வர்க்கலைக் கடற்கரையில், பருவமழையின் சீற்றம் அடங்கிய பின் நடந்து செல்லும் ஒருவர், ஈர மணலில் பாதி புதைந்து கிடக்கும் கருநிறத் துண்டு ஒன்றைக் காணக்கூடும். கையில் எடுத்தால் மரம் போலவே தோன்றும். இழைகள் நீளவாட்டில் ஓடியிருக்கும். ஒரு முனையில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் எடை மரத்திற்குரியதாக இராது. எடுத்தவர் பள்ளி ஆசிரியராயின், அதனை நீரில் நன்கு கழுவி, வெயிலில் உலர்த்தி, ‘கல்லான மரம்’ என்று சீட்டு எழுதி அலமாரியில் வைத்துவிடுவது இயல்பு. இம்மூன்று செயல்களுள் ஒவ்வொன்றும் அத்துண்டு கூறவேண்டிய செய்தியில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது.

வர்க்கலை கேரள மாநிலத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. கேரளக் கரையின் பெரும்பகுதி தாழ்ந்த மணற்பரப்பு. இங்கோ குன்று கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சியில் செம்புரைக்கல் படர்ந்துள்ளது. அதன் கீழே பல நிற மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அடிப்பகுதியில், பழுப்பு நிலக்கரியும் கரிந்த மரத்துண்டுகளும் கலந்த கருங்களிமண் காணப்படுகிறது. மேலிருந்து இறங்கும் மழைநீர் களிமண்ணை ஊடுருவ இயலாமல் குன்றின் முகத்தில் ஊற்றுக்களாக வெளிப்படுகிறது. நிலவியல் அறிஞர் வில்லியம் கிங் 1882-ஆம் ஆண்டில் இவற்றை வர்க்கலைப் படுகைகள் என்னும் பெயரால் விவரித்தார். இவற்றின் வயது பற்றிக் கருத்து வேற்றுமை உண்டெனினும், பெரும்பகுதி மயோசீன் காலத்தது என்று கொள்ளப்படுகிறது. அக்காலம் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது.

குன்றின் அடியை அலைகள் அரிக்கும்போது கருங்களிமண் கரைந்து, அதிலுள்ள மரத்துண்டுகள் மணலில் வந்து விழுகின்றன. ஆயினும் மணலில் கிடக்கும் கருந்துண்டு ஒவ்வொன்றும் குன்றிலிருந்து வந்ததாகாது. கடல் எல்லாவற்றையும் கலந்தே கொணர்ந்து போடுகிறது. நெடுநாள் நீரில் ஊறிக் கருத்த தென்னந்துண்டு, தாழையின் வேர், எங்கோ மூட்டிய நெருப்பின் கரி ஆகிய யாவும் அதே மணலில் கிடக்கும். செம்புரைக்கல்லில் இரும்புச்சத்து திரண்டு உண்டாகும் குழல் வடிவக் கட்டிகள் கிளையை ஒத்திருப்பதால் ஏமாற்றுவன. களிமண் பிளவுகளில் மாங்கனீசுப் படிவு பரவி, பெரணி இலை வரைந்தாற்போல் அமைவதும் உண்டு. இத்தகைய ‘இலை’யில் நடுநரம்பு இராது, கிளைகள் யாவும் பிளவின் விளிம்பிலிருந்தே புறப்பட்டிருக்கும். உருவ ஒற்றுமை ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டியவர்கள் பலமுறை தவறியிருக்கின்றனர்.

எனவே வெளித்தோற்றத்தை விடுத்து வெட்டுமுகத்தைக் காணவேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி இதற்குப் போதும். புதிதாக உடைந்த முனையில் நுண்துளைகளும், நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் மெல்லிய ஆரக்கோடுகளும் தென்பட்டால் அது மரமே. வளையம் இல்லாமையால் மரமன்று என்று கூறலாகாது. வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை. பனையினத்தில் வளையமே கிடையாது. தென்னையின் வெட்டுமுகத்தில் காண்பது போலப் புள்ளிகள் சிதறியிருக்கும். கப்பற்புழு துளைத்த துளைகளைக் கண்டு அண்மைக்காலத்து மரம் என்று தள்ளுவதும் பிழை. அப்புழுவின் இனம் பழங்கால மரங்களையும் துளைத்திருக்கிறது.

மரம் என்று தெளிந்தபின், அது எவ்வளவு மாறியுள்ளது என்று பார்க்கலாம். கத்தி முனையில் நாராகச் சிம்பு எழுந்தால் பெரும்பாலும் இக்காலத்து மரம். மெருகிடாத பீங்கானில் தேய்க்கும்போது பழுப்புக் கோடு விழுந்தால் பழுப்பு நிலக்கரியாகலாம். விரலில் கருமை ஒட்டினால் அடுப்புக்கரி என்று ஐயுறலாம். கத்திக்கு இணங்காமல் கண்ணாடியைக் கீறினால், மரத்தின் உள்ளே மணிக்கல்லின் பொருளாகிய சிலிக்கா புகுந்துள்ளது எனலாம். தமிழ்நாட்டில் திருவக்கரையில் கிடக்கும் பெருமரங்கள் இவ்வகையின. வர்க்கலையின் கருங்களிமண்ணிலிருந்து வருபவை பெரும்பாலும் கரிந்தவையே. அவற்றைக் ‘கல்லான மரம்’ என்று எழுதுவது சரியன்று.

இவ்வளவும் தெரிந்த பின்னரும், இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்டதா, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதா என்னும் வினா எஞ்சுகிறது. குட்டநாட்டின் கரிநிலங்களில் பாதி மட்கிய பெருமரங்கள் புதைந்து கிடக்கின்றன. வேளாண்மை ஊழியர் இவற்றை நன்கு அறிவர். இவையும் கரியவை, இவையும் கனமானவை. ஆனால் வர்க்கலை மரத்தோடு ஒப்பிட்டால் இவை நேற்றையவை. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு உட்பட்ட மரத்தின் வயதைக் கதிரியக்கக் கரி முறையால் அளவிடலாம். அதற்கு முற்பட்டதில் அம்முறை செல்லாது.

அவ்விடத்தில் உதவிக்கு வருவது, கழுவி எறியப்பட்ட அந்தக் களிமண்தான். அந்நாளில் காற்றிலும் நீரிலும் வந்து படிந்த மகரந்தத் தூள்களும் பெரணிகளின் வித்துத் தூள்களும் அதனுள் அழியாமல் இருக்கின்றன. பெரும்பாலான தாவர இனங்களின் தூளுக்குத் தனித்த வடிவம் உண்டு. எவ்வெவ்வினத் தூள்கள் ஒருங்கே காணப்படுகின்றன என்பதைக் கொண்டு படுகையின் காலத்தையும், அது சதுப்புநிலமா, உப்பங்கழியா என்பதையும் வல்லுநர் கணிக்கின்றனர். மரத்துண்டு தான் எவ்வினம் என்று மட்டுமே கூறும். களிமண்ணோ ஒரு காட்டையே கூறவல்லது. கட்டைவிரல் அளவு மண் போதுமானது. இம்மண்ணைப் பிரித்தெடுக்க வல்லுநர் கையாளும் ஹைட்ரோபுளூரிக் அமிலம் கொடியது; பள்ளியில் முயலத்தக்கதன்று.

வெயிலில் உலர்த்துவதன் கேடு வேறு. பழுப்பு நிலக்கரியில் நீர் மிகுதி. விரைந்து உலர்ந்தால் அது சுருங்கி வெடித்து, சில நாட்களில் சிறு துண்டுகளாகச் சிதறும். ஈரத்திலேயே வைத்திருக்கலாமோவெனின், அதிலும் ஆபத்து உண்டு. வர்க்கலை மரங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமம் ஊடுருவியிருக்கிறது. துண்டு கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரக்காற்றுப் பட்டால் இக்கனிமம் மாறுதலுற்று, அன்னபேதியும் கந்தக அமிலமும் தோன்றுகின்றன. முதலில் வெண்மஞ்சள் பூப்பு, பிறகு நெடி, இறுதியில் துண்டும் பெட்டியும் சீட்டும் ஒருங்கே அரிக்கப்பட்டுவிடும். கரிநில வயல்களில் புளிப்பு ஏறுவதும், உழவர் சுண்ணாம்பு இடுவதும் இதே மாற்றத்தினால்தான். ஆதலின் துண்டைத் தாளில் சுற்றி நிழலில் மெல்ல உலரவிட்டு, உலர்ந்தபின் ஈரம் புகாத பெட்டியில் வைப்பதே நடுவழி.

குன்றில் கை வைத்துத் தோண்டுவது கூடாது. அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். மேலும் சரிந்து விழும் இயல்புடையது. மணலில் கிடப்பதை எடுத்தாலே போதும். எடுக்குமுன் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளல் நன்று. குன்றிலிருந்து எத்தனை அடி தொலைவு, அவ்விடத்தில் கருங்களிமண் வெளிப்பட்டுள்ளதா, ஒட்டியுள்ள மண் அதனோடு நிறத்தில் ஒத்ததா என்பனவற்றை அங்கேயே குறிக்கவேண்டும். அடுத்த ஏற்றவற்றத்திற்குப் பின் இவற்றை மீண்டும் காண இயலாது.

ஐயம் தீராத துண்டுகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ, பீர்பால் சாஹ்னி 1946-இல் தொடங்கிய லக்னோ ஆய்வு நிலையத்திற்கோ எழுதிக் கேட்கலாம். வல்லுநர் துண்டை மூன்று திசைகளில், ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லிய தகடுகளாக்கி நுண்ணோக்கியில் காண்பர். முதலில் படத்தையும் குறிப்பையும் அனுப்பி, அவர்கள் கேட்ட பின்னரே பொருளை அனுப்புவது முறை. ஒட்டிய மண்ணைத் தனிப் பையில் இடவேண்டும். அமிலம் காகிதத்தை அரிக்குமாதலால், ஒரு சீட்டைப் பையினுள்ளும் மற்றொன்றைப் பெட்டியின் வெளியிலும் வைத்து, இரண்டையும் பென்சிலால் எழுதுதல் வேண்டும்.