கப்பல் வந்த தேதியும் கார் வந்த தேதியும்

போன மாதம் 15-ஆம் தேதி மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை, இல்லையா?

ஆனால், சுமார் 280 ஆண்டுகளுக்கு முன்னால் புதுச்சேரிக் கடலில் எந்தக் கப்பல் எந்த நாளில் வந்து நின்றது, அன்று ஊரில் என்ன வதந்தி உலவியது என்றெல்லாம் இன்றைக்கும் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான் காரணம். அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போனார். அப்போது அங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. வணிகம் செய்துவந்த ஆனந்தரங்கர், பிறகு கவர்னர் டூப்ளேயின் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். கவர்னர் பேசுவதை நம் ஊர்க்காரர்களுக்கும், இவர்கள் பேசுவதைக் கவர்னருக்கும் எடுத்துச் சொல்பவர். அதனால் பெரிய இடத்து ரகசியங்கள் எல்லாம் அவர் காதில் விழுந்தன.

1736 செப்டம்பர் 6-ஆம் தேதி எழுதத் தொடங்கினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல்கள் வந்து போவது, இவற்றை எழுதப் போகிறேன் என்பதுதான் தொடக்கம். 1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது, 1748-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டது எல்லாம் அதில் உண்டு. டூப்ளேயின் மனைவியை அவருக்குப் பிடிக்காது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்! தமிழும் இலக்கணத் தமிழ் அல்ல. பேசுகிற மாதிரியே இருக்கும்.

1761 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதிய நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல்தான் ஒரு பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு பிரதி எடுக்க வைத்தார். நடுவில் சில பகுதிகள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பே 12 பெரிய புத்தகங்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்று ஒருவர் இருந்தார். 1666-இல் அந்த நகரமே தீப்பிடித்து எரிந்தபோது, தன்னிடம் இருந்த பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தாராம். அதையும் டைரியில் எழுதி வைத்தார். ஊரே எரியும்போது பாலாடைக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். நாம் என்றால் எதைப் புதைத்திருப்போமோ!

நானும் டைரி எழுதுகிறவள்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போன நாளிலிருந்து எழுதுகிறேன். கவர்னர் ரகசியம் எதுவும் அதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் வந்தது, 1998-இல் இங்கே செய்த சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது, அன்று தக்காளி என்ன விலை, இப்படித்தான் இருக்கும்.

இந்த நோட்டுகள் ஒருநாள் என்னைத் தலைகுனிய வைத்தன. "உங்க பாட்டி ஒரு பிள்ளையைக்கூட அடிச்சதில்லைடா" என்று பேரனிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நம்பினேன், பொய் சொல்லவில்லை. அவன் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினான். "பாட்டி, இது என்ன?" என்றான். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது நாளாகத் தாமதமாக வந்தான், கையில் இரண்டு அடி கொடுத்தேன், என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவன் ஏன் தாமதமாக வந்தான் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. நான் கேட்கவே இல்லை போலிருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறானோ, யாரிடம் போய்க் கேட்பேன்? பேரன் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டான். அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

நீங்கள் எழுதுவதானால் விலை உயர்ந்த டைரி வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். தினமும் ஒரு பக்கம் எழுதுவேன் என்று சபதம் போடாதீர்கள், ஒரு வாரத்தில் அலுத்துவிடும். நான்கு வரி போதும். தேதியோடு ஆண்டையும் மறக்காமல் போடுங்கள். 'இன்று நன்றாக இருந்தது' என்று எழுதினால் பிறகு உங்களுக்கே ஒன்றும் புரியாது. எது நன்றாக இருந்தது, யார் கூட இருந்தார்கள், மழையா வெயிலா என்று எழுதுங்கள். அண்ணன், அக்கா நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற வேலை மட்டும் கூடாது!

இன்னொன்று, பால் பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். 2015 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த நோட்டுகள் நனைந்துவிட்டன. மை பேனாவில் எழுதிய நோட்டுகள் வெறும் நீலக் கறையாகிவிட்டன. பால் பாயிண்டில் எழுதியவற்றை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காய வைத்தேன். தாள் சுருங்கிப்போனாலும் எழுத்து அப்படியே இருந்தது. இப்போது எல்லா நோட்டுகளும் பரண் மேல் இருக்கின்றன.