இரண்டாவது என்டர்

சென்ற பொங்கல் விழாவில், பணம் கட்டி ரசீதும் வாங்கிய சில குடும்பங்களின் பெயர் சாப்பாட்டுப் பட்டியலில் இல்லாமல் போனது அன்பர்களுக்கு நினைவிருக்கும். பழி முழுவதும், ரசீதுகளைக் கணிப்பொறியில் பதிந்த நம் பெரியவர் மீது விழுந்தது. ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "வயசாயிடுச்சு தம்பி, கை தடுமாறுது போல. வேற ஆளைப் பாருங்க" என்றார். தவறு அவருடையதல்ல, அந்தப் புரோகிராமை எழுதிய என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

திரையில் எத்தனை பொத்தான்கள் இருந்தாலும், விசைப்பலகையில் நாம் தட்டுவது ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் போய்ச் சேரும். அதை ஃபோகஸ் என்பார்கள். நாம் 'கவனம்' என்று வைத்துக்கொள்வோம். கவனம் பெற்ற பொத்தானுக்குள் விண்டோஸில் பெரும்பாலும் மெல்லிய புள்ளிக்கோட்டுச் சட்டம் ஒன்று தெரியும். டேப் விசை கவனத்தை அடுத்ததற்கு நகர்த்தும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் பின்னோக்கி வரும். கவனம் இருக்கும் பொத்தானை ஸ்பேஸ் பாரும் அழுத்தும், விண்டோஸில் என்டரும் அழுத்தும். (ஆப்பிள் மேக்கில், டேப் பொத்தான்களுக்குப் போகவே செட்டிங்ஸில் தனி அனுமதி தர வேண்டும்.)

பெரியவர் மவுஸைத் தொடமாட்டார். டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட்டோடு பம்பாய்க்கு ரயில் ஏறிய தலைமுறை. பெயர், டேப், தொகை, டேப், என்டர். பதிந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் சில வேளை இன்னொரு என்டர்.

ஒரே ரசீது இருமுறை பதியக் கூடாதே என்று, 'சேமி' பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் அதை முடக்கிவிடும்படி எழுதியிருந்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்ற நினைப்பு! நான் பயன்படுத்திய விண்டோஸ் ஃபார்ம்ஸில், கவனம் இருக்கும் பொத்தானை முடக்கினால் கவனம் தானாக வரிசையில் அடுத்ததற்குத் தாவும். அடுத்து நான் வைத்திருந்தது 'நீக்கு'. இரண்டாவது என்டர் அங்கே போய் விழுந்தது. பதிந்த ரசீது பதிந்த கையோடு அழிந்தது.

தாவாவிட்டாலும் தொல்லைதான். விண்டோஸின் அடிப்படைக் கட்டளைகளைக் கொண்டே எழுதினால், முடங்கிய பொத்தானிலேயே கவனம் தங்கிவிடும், விசைகள் எடுபடா. மவுஸ் பிடிப்பவர் வேறிடத்தில் கிளிக் செய்து தப்பிப்பார். பார்வையற்றவர் என்ன செய்வார்? என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் கவனம் போகும் இடத்தைத்தானே பின்தொடர்ந்து படிக்கின்றன!

இப்போது 'சேமி' வேலை முடிந்ததும், அதை முடக்கும் முன்பே கவனத்தைப் பெயர்க் கட்டத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அடுத்த ரசீதுக்கு அங்கேதானே போக வேண்டும்? 'நீக்கு' டேப் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. அழுத்தினால் "நிச்சயமா?" என்று ஒரு பெட்டி கேட்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. நாம் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் முதல் பொத்தானாகிய 'ஆம்' மேல்தான் கவனத்தை வைக்கும். 'இல்லை' மேல் வை என்று நாம்தான் எழுத வேண்டும். புரோகிராம் எழுதும் நம் பிள்ளைகள், மவுஸை மேசை டிராயரில் பூட்டிவிட்டு ஒருமுறை தங்கள் வேலையை ஓட்டிப் பார்க்கட்டும்.

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்துப் பெரியவரும் நானும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தோம். பைசா பிசகவில்லை. வரும் விழாவுக்கும் ரசீது பதியப்போவது அவர்தான். இரண்டாவது என்டரை அவர் இன்னும் விடவில்லை.