177-ஆவதாக வந்த பூக்கா நக்கூவா

அமெரிக்கக் கால்பந்தில் எறியப்படும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபவரை ரிசீவர் என்பார்கள். 2023-இல் அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, பூக்கா நக்கூவா என்ற ரிசீவரின் பெயர் 177-ஆவதாகத்தான் வந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி.

அணியின் முன்னணி ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. பந்துகள் நக்கூவாவைத் தேடி வந்தன. முதல் ஆட்டத்தில் 10 பந்துகளைப் பிடித்தார். இரண்டாவதில் 15! ஒரே ஆட்டத்தில் எந்தப் புதுமுகமும் அதுவரை இத்தனை பிடித்ததில்லை.

கப் திரும்பிய பிறகும் நக்கூவாவின் வேகம் குறையவில்லை. 17 ஆட்டங்களில் 105 பந்துகளைப் பிடித்து 1,486 கெஜம் தூரம் முன்னேறினார். பில் குரோமன் 1960-இல் எடுத்த 1,473 கெஜம்தான் புதுமுகங்களில் அதுவரை சாதனை. குரோமன் அதை 14 ஆட்டங்களிலேயே எட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2024 ஜனவரியில் டெட்ராய்ட் அணிக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில் நக்கூவா 181 கெஜம் குவித்தார். நாக்-அவுட் ஆட்டங்களில் புதுமுக ரிசீவர்களுக்கு அதுவும் புதிய சாதனை. ஆனால் ராம்ஸ் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.