மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டும் ஊர்! தெரியுமா?

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி மேற்கே இறங்குகிறதே, அந்த ரோடு எங்கே போய் முடிகிறது தெரியுமா? தேனியில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 183 அது. கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, கோட்டயம் என்று வளைந்து வளைந்து கொல்லத்தில் போய் நிற்கும். கொல்லத்துக்குக் கொஞ்சம் வடக்கே சவறா. அங்கே வருஷத்தில் இரண்டு ராத்திரி ஒரு கூத்து நடக்கிறது பாருங்கள்... ஆயிரக்கணக்கான ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு சாமி கும்பிட நிற்கிறார்கள்!

அண்ணனா? அக்காவா?

கொட்டன்குளங்கரை தேவி கோயிலின் 'சமயவிளக்கு' திருவிழா அது. நாள்? மலையாள மீனம் 10, 11. நம் கணக்கில் பங்குனி, அதாவது மார்ச் கடைசி வாரம். மாலையிலிருந்தே ஒப்பனை களை கட்டிவிடும். முதலில் மீசை போகும்! அப்புறம் பவுடர், கண்மை, சவுரி முடி, கூடை கூடையாக மல்லிகைப்பூ, கை நிறைய வளையல். கசவுச் சேலை கட்டியவர், பட்டுச் சேலை கட்டியவர், பாவாடை தாவணி போட்ட பொடியன் என்று வரிசை நீளும். ஆளுக்கொரு கம்பு விளக்கு, அதில் ஐந்து திரி! விடிவதற்கு முன் அத்தனை விளக்கும் ஒன்றாக எரியும்போது சொந்த மனைவிக்கே தன் வீட்டுக்காரர் எவர் என்று தெரியாது!

ஏன் இந்த வேஷம்? மாடு மேய்த்த பையன்கள் காட்டில் ஒரு கல்லில் தேங்காயை உடைக்கப் பார்த்தார்களாம். கல்லிலிருந்து ரத்தம் கசிந்ததாம்! பயந்துபோன பையன்கள், பெண் பிள்ளைகளைப் போல உடுத்திக்கொண்டு அந்தக் கல்லுக்கு விளக்கேற்றினார்களாம். வேண்டுதல் பலித்தால் ஆண்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். திருநங்கைகளும் பெருந்திரளாக வந்து கூடும் ராத்திரி அது. 2023-ல் அங்கே நடந்த ஒப்பனைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவரின் படம் இணையத்தில் பரவியது. 'இவர் ஆணா!' என்று நாடே வாயைப் பிளந்தது!

கண்ணகி கோயிலுக்கும் இந்த வேஷத்துக்கும் என்ன தொடர்பு?

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காட்டுக்குள், வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மக்களுக்குத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் தெரியும்தானே? அந்தக் கண்ணகியின் கதை சொல்லும் சிலப்பதிகாரத்தில் மாதவி 11 ஆடல்களை ஆடுகிறாள். அதில் ஒன்றின் பெயர் 'பேடு'. அதை முதலில் ஆடியது யார் தெரியுமா? காதல் கடவுள் காமனே! வாணாசுரனின் ஊரில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்க, ஆணும் பெண்ணும் கலந்த பேடி வேஷம் கட்டி வீதியில் ஆடினானாம்!

மணிமேகலைக் காப்பியம் இன்னும் ஒரு படி மேலே! புகார் நகரத்தில் இந்த ஆட்டத்தை மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆடுபவரின் கோலம் என்ன? முகத்தில் சுருண்ட தாடி! காதில் வெள்ளைத் தோடு! கூந்தலில் பூ! இடுப்பில் முழந்தாளளவு வட்டுடை! இன்றைய ஃபேஷன் மேடைக்காரர்கள் புதுமை என்று கொண்டாடும் அதே கோலம், ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய தமிழ்க் காப்பியத்தில்!

ராவணனுக்கும் பாவாடை!

குமுளி, தேக்கடிப் பக்கம் சாயங்காலம் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் கதகளியை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பீமன், ராவணன் என்று மலைபோன்ற வீரர்கள். இடுப்பில் என்ன? குடைபோல் விரியும் ராட்சதப் பாவாடை! சிரிக்கிறோமா? இல்லை, கையெடுத்துக் கும்பிடுகிறோம்!

அதே மேடையில் தமயந்தியாக வருபவரும் மரபுப்படி ஆண்தான். அதற்கு 'மினுக்கு' வேஷம் என்று பெயர். கதகளி நடிகர்களின் கண் சிவப்பது எப்படித் தெரியுமா? சுண்டைப்பூவின் துளியூண்டு சூலகத்தை உள்ளங்கையில் வைத்துக் கறுக்கும்வரை தேய்த்து, இமைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்! கோட்டக்கல் சிவராமன் (1936–2010) பெண் வேஷத்துக்கென்றே வாழ்நாள் முழுவதும் புகழப்பட்டவர்!

வடகேரளத்தின் தெய்வ ஆட்டமான தெய்யத்தில் அம்மன்களாக ஆடுவதும் ஆண்களே. பெண் ஆடும் தெய்யம் எத்தனை? ஒன்றே ஒன்று! கண்ணூர் மாவட்டம் தெக்கும்பாட்டில் நடக்கும் தேவக்கூத்து!

காளியாக மாறும் கடலோரம்

தமிழ்நாடு மட்டும் இளைத்ததா? தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோயில் தசரா! மாலை போட்டு விரதம் இருந்து, காளியாக, குறத்தியாக, மணப்பெண்ணாக ஆண்கள் வேஷம் கட்டுகிறார்கள். அந்தக் கோலத்தோடே வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குகிறார்கள். நேற்றுவரை மீன்பிடித்த கை, இன்று சூலம் ஏந்தினால்? வயதானவர்கள்கூடக் காலில் விழுகிறார்கள்!

ஆண் நடித்த பாட்டி, ரோட்டுக்குப் பெயரானார்!

சென்னையில் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறதே, யார் அவர்? டி.கே. சண்முகம்! நாடகத்தில் ஔவைப் பாட்டியாக வாழ்ந்து காட்டியதால் பெயருக்கு முன்னால் 'அவ்வை' ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை நினைவூட்டும் 'அவ்வை சண்முகி'யில் (1996) கமல்ஹாசன் மடிசார் மாமியாகவே மாறினார்!

நடிகர் திலகம் சிவாஜி கணேசன்? பாய்ஸ் கம்பெனி நாடக நாட்களில் சீதையாக நடித்தவர்! சிம்மக்குரலுக்கு முன்னால் ஸ்திரீபார்ட்!

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப்படும் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) கதாநாயகி யார்? ஓட்டலில் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்ற ஆண்! நான்கே வருஷத்தில், 'லங்கா தகன்' படத்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே!

மராத்தி நாடக மேடையின் பால கந்தர்வர் (1888–1967) இன்னும் அதிசயம். மேடையில் அவர் சேலை கட்டும் விதத்தையும் கொண்டையில் பூ வைக்கும் விதத்தையும் பார்த்து, வீட்டுப் பெண்கள் அதே மாதிரி கட்டினார்கள், வைத்தார்கள்! பெண்களுக்கு ஃபேஷன் சொல்லிக்கொடுத்தது ஓர் ஆண்! பரிசு? 1964-ல் பத்மபூஷண்!

பாவாடைக்கு ஆறு மாதம் ஜெயில்!

ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம்போட்ட 'கில்ட்' பார்த்திருப்பீர்கள். 1746-ல் பிரிட்டிஷ் அரசு அதற்குத் தடை போட்டது! முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை! மறுமுறை? ஏழு வருஷம் நாடு கடத்தல்! தடை நீங்கியது 1782-ல்!

பெண்கள் கதை என்ன? பாரிஸில் பெண் பேண்ட் போட போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1800-ல் ஓர் உத்தரவு. அது செல்லாது என்று அரசு சொன்னது எப்போது? 2013-ல்! நடுவில் இருநூறு வருஷத்துக்கும் மேல்!

அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884-ஆம் வருஷப் படம் ஒன்று இருக்கிறது. இரண்டரை வயசு. நீள முடி, வெள்ளைக் கவுன்! அந்தக் காலத்தில் ஆண் குழந்தைகளுக்கும் அதுதான் உடுப்பு!

வெயில் அடித்தால் ஸ்கர்ட்!

2013 கோடையில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ரயில் ஓட்டும் ஆண்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது என்றது விதி. ஸ்கர்ட் கூடாது என்று விதியில் இல்லையே? ஸ்கர்ட்டோடு வந்து ரயில் ஓட்டினார்கள்! 2017-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பள்ளிப் பையன்களும் அதே வேலையைச் செய்தார்கள்!

2019 ஆஸ்கர் விழாவில் நடிகர் பில்லி போர்ட்டர் மேலே கோட்டு, கீழே தரையைக் கூட்டும் கவுனோடு வந்தார். பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் கவுன் அணிந்து அமெரிக்க 'வோக்'கின் 2020 டிசம்பர் இதழ் அட்டையில் வந்தார். 1892-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் அட்டையில் ஓர் ஆண் தனியாக வந்தது அதுவே முதல் தடவை!

சட்டை மட்டும் யாருடையது?

இப்போது திரும்பக் குமுளிக்கே வாருங்கள். விடிகாலையில் கம்பம் பக்கமிருந்து மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்காமார் என்ன போட்டிருக்கிறார்கள்? சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை! முள் கீறாது, அட்டை ஏறாது, குளிர் தாங்கும். யாராவது திரும்பிப் பார்த்தோமா? இல்லையே!

கேரளத்து முண்டு? ஆணும் கட்டினார், பெண்ணும் கட்டினார்! பெண் கட்டும் 'முண்டும் நேரியதும்' அதே வெள்ளைத் துணியின் உறவுதான்!

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஆம்பளை பாவாடை கட்டலாமாய்யா?" என்று சிரிக்கிறாரே அந்த அண்ணாச்சி, அவர் இடுப்பில் என்ன இருக்கிறது? மூட்டிய கைலி! அதற்கும் பாவாடைக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?

நாடா!