முகம் தெரியாதவனுக்குக் கடன் கொடுப்பது எப்படி?

ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பையனுக்கு 500 ரூபாய் கடன் கொடுக்கவே நாம ரெண்டு தடவை யோசிப்போம். வேறு நாட்டிலிருந்து வந்த, நம்ம மொழி தெரியாத ஒருத்தருக்கு ஒரு வண்டி சரக்கைக் கடனுக்குக் கொடுப்பீங்களா? 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இருந்த பிரச்சினை இதுதான்.

மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த பிறகு அங்கே தொலைதூர வணிகம் வெகுவாகச் சுருங்கியிருந்தது. கி.பி. 1000-க்குப் பிறகு விளைச்சலும் மக்கள்தொகையும் பெருக, விற்பதற்கு உபரி கிடைத்தது. தெற்கே வெனிஸ், ஜெனோவா வியாபாரிகளிடம் பட்டும் மிளகும் இருந்தன (அந்த மிளகு நம்ம மலபாரிலிருந்து போனதுங்க!). வடக்கே ஃபிளாண்டர்ஸில் கம்பளித் துணி. ரெண்டு பேரும் சந்திக்க ஒரு இடம் வேணுமே?

அதுதான் இன்றைய பிரான்சில் உள்ள ஷாம்பெயின் பகுதி. அங்கே 4 ஊர்களில் ஆண்டுக்கு 6 பெரிய சந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அந்தப் பகுதியை ஆண்ட பிரபுக்கள் வியாபாரிகளுக்கு வழிப்பாதுகாப்பு கொடுத்தாங்க. பதிலுக்கு வரி வாங்கினாங்க. வழக்குகளைத் தீர்க்க சந்தைக் காவலர்கள் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். ஒருத்தன் கடனைக் கட்டாமல் ஓடிவிட்டால், அவன் ஊர் நீதிமன்றத்துக்குக் கடிதம் போகும். அங்கேயும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த ஊர் வியாபாரிகள் எல்லாருக்குமே சந்தையில் தடை வரலாம். அதனால் கடன்காரனைப் பிடிக்க அவன் ஊர்க்காரர்களே முனைவார்கள்!

சரி, கையில் காசில்லாதவன் எப்படி வியாபாரி ஆவான்? இத்தாலியில் அதற்கு 'கொமெண்டா' ஒப்பந்தம் இருந்தது. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் கப்பலேறுவார். லாபத்தில் வழக்கமாக முக்கால் பங்கு பணம் போட்டவருக்கு, கால் பங்கு பயணம் போனவருக்கு. கப்பல் மூழ்கினால் முதல் போட்டவருக்குத்தான் பண நஷ்டம். இன்றைய ஸ்டார்ட்அப் முதலீடு ஞாபகம் வருதா?

இதையெல்லாம் கணக்குப் போட ரோமன் எண்கள் சரிப்படவில்லை. ரிகர்ஷன் ப்ரோகிராம் வழியாக நமக்குத் தெரிந்த ஃபிபோனாச்சி, 1202-ல் எழுதிய 'லிபர் அபாச்சி'யில் இந்திய எண்களை அறிமுகப்படுத்தினார். முயல் கணக்கு அதில் ஒன்றே ஒன்றுதான். சரக்கு விலை, நாணய மாற்று, லாபப் பங்கீடு என்று வியாபாரக் கணக்குகள் ஏராளம்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியக் கப்பல்கள் கடல்வழியே நேராக ஃபிளாண்டர்ஸ் போகத் தொடங்கியதும் இந்தச் சந்தைகள் மங்கின. ஆனால் ஒப்பந்தம், கடன் பத்திரம், கணக்கேடு என்ற பழக்கம் நிலைத்துவிட்டது. ஆளை நம்ப முடியாத இடத்தில் விதிமுறையை நம்பலாம் என்று அந்த வியாபாரிகள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.